என் பெட்டைக் குதிரைக்குச் சினை நிற்கவில்லை, வெள்ளையாக வடிகிறது. ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டால் போதுமா?

போதாது. அப்படி ஊசியை மட்டும் நம்பி ஒரு வருஷத்தை வீணாக்கியவன் நான்.

மாதவரம் பக்கம் இரண்டு குதிரை வைத்திருக்கிறேன். 16 வயது மார்வாரி பெட்டை, மூன்று முறை சேர்த்தும் சினை பிடிக்கவில்லை. வாலடியில் எப்போதும் காய்ந்த பிசுக்கு. வந்து பார்த்த டாக்டர் (பேர் வேண்டாம்) எந்தப் பரிசோதனையும் இல்லாமல் ஊசி போடுவார். கொஞ்ச நாள் நிற்கும், அடுத்த பருவத்தில் மறுபடி வடியும்.

கடைசியில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு வேனில் ஏற்றிப் போனேன். புரசைவாக்கம் நெரிசலில் அது உள்ளே போட்ட ஆட்டம் தனிக் கதை. அங்கே, கருப்பை வாய் திறந்திருக்கும் பருவ நாளாகப் பார்த்து உள்ளிருந்து மாதிரி எடுத்தார்கள். கல்ச்சரில் (மாதிரியிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்ப்பது) வந்தது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி. குதிரைகளின் கருப்பைத் தொற்றில் இதுதான் அதிகம், அப்புறம் ஈ.கோலி. கல்ச்சரோடு செல் பரிசோதனையும் கேளுங்கள். வெள்ளணுக்கள் இல்லாமல் கிருமி மட்டும் வளர்ந்தால், அது வெளியிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்ததாகவும் இருக்கலாம்.

உண்மையான வைத்தியம் கருப்பையைக் கழுவுவதுதான். வெதுவெதுப்பான சலைனை ஒவ்வொரு லிட்டராக உள்ளே விட்டு வெளியே எடுத்தார்கள். முதலில் கஞ்சித் தண்ணீர் மாதிரி வந்தது, தெளியும்வரை விடவில்லை. மிச்சத்தைக் கருப்பையே சுருங்கித் தள்ள ஆக்ஸிடோசின். அதற்குப் பிறகுதான் பென்சிலின், அதுவும் கருப்பைக்குள்ளேயே. சீழுக்குள் மருந்தை ஊற்றினால் அது வேலை செய்யாது. அயோடினைக் கெட்டியாக விடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். விடாதீர்கள், உள்சவ்வு வெந்துவிடும்.

ஆனால் திரும்பத் திரும்ப வந்ததற்குக் காரணம் வேறு. வயதாகி அதன் யோனி உதடு மேல்பக்கம் உள்வாங்கிச் சாய்ந்திருந்தது. ஓடும்போது காற்றை இழுக்கும், சாணமும் உள்ளே போகும். மேல்பாதியைத் தைத்துவிட்டார்கள். காஸ்லிக் தையல் என்பார்கள், 1937இலிருந்து இருக்கும் முறை.

இன்னொன்று: விந்து பட்டாலே கருப்பை கொஞ்சம் வீங்கும். நல்ல குதிரை ஓரிரு நாளில் தானே சுத்தமாக்கிக்கொள்ளும், வயதான குதிரையால் முடியாது. அதனால் அடுத்த தடவை சேர்த்து 6 மணி நேரம் கழித்துக் கழுவினோம். அதற்குள் வேண்டிய விந்தணு கருக்குழாய்க்குப் போயிருக்கும், கரு கருப்பைக்கு இறங்கவும் 5, 6 நாள் ஆகும். பயப்பட ஒன்றுமில்லை.

இப்போது சினை. குட்டி போடுவதற்கு முன் அந்தத் தையலைப் பிரித்தாக வேண்டும், இல்லையென்றால் கிழிந்துவிடும். 11 மாதத்தில் மறந்துபோகும் என்று லாயத்துக் காலண்டரில் சிவப்பு மையால் எழுதி வைத்திருக்கிறேன்.