மூச்சை அடக்கும் முன் விடப் பழகுங்கள்: பிராணாயாமக் கேள்வி பதில்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் இருபது வருடத்துக்கு மேலாக யோகாசன வகுப்பு நடத்துகிறேன். நான் வைத்தியர் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

தலவாக்கலையிலிருந்து ஒரு தம்பி: மாஸ்டர், காலையில் 100 தடவை கபாலபாதி (வயிற்றை உள்ளே இழுத்து மூச்சை வேகமாக வெளியே தள்ளுவது) செய்துவிட்டு, 40 எண்ணும்வரை மூச்சை அடக்குகிறேன். ஒட்சிசன் கூடும் என்றார்கள். தலை சுற்றுகிறது, விரல் நுனி விறுவிறுக்கிறது. சக்தி ஏறுவதற்கு அடையாளமா?

இல்லை தம்பி. நலமாக இருப்பவரின் இரத்தத்தில் ஒட்சிசன் ஏற்கெனவே 95 வீதத்துக்கு மேல் நிறைந்திருக்கிறது. அடக்கி அதை ஏற்ற முடியாது. விறுவிறுவென்று மூச்சைத் தள்ளும்போது வெளியே போவது காபனீரொட்சைட்டு. அது அளவுக்கு மேல் குறைந்தால் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கும். தலைசுற்றல் அதனால்தான். விரல் விறுவிறுப்பதும் காபனீரொட்சைட்டு குறைவதால்தான். இன்னொன்று, 'மூச்சு விடு' என்று உடம்பு அவசரப்படுத்துவது பெரும்பாலும் காபனீரொட்சைட்டு ஏறுவதால். அதை முன்கூட்டியே வெளியேற்றிவிட்டு அடக்கினால் அந்த எச்சரிக்கை தாமதமாகத்தான் வரும். ஆற்றிலோ குளத்திலோ இறங்கி இந்த வேலையைச் செய்யவே வேண்டாம். தண்ணீருக்குள் நினைவு தப்பினால் திரும்பி வர முடியாது.

திருமூலர் கணக்கைத்தான் பலரும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். உள்ளே இழுக்க 16 மாத்திரை (பழைய கால அளவு), அடக்க 64, விட 32. ஒரு மாத்திரையை ஒரு நொடி என்று வைத்தாலும் ஒரே மூச்சுக்கு 112 நொடி. அது குருவின் பக்கத்தில் வருடக்கணக்காக இருந்தவனுக்கு. இருபத்து நாலு வயதில் நானும் புத்தகத்தைப் பார்த்து அதை முயன்றேன். மூன்று வாரம் தூக்கம் போனது, நெஞ்சு படபடத்ததுதான் மிச்சம். சிங்கம், யானை, புலியை மெல்ல மெல்லப் பழக்குவது போல மூச்சைப் பழக்க வேண்டும், இல்லாவிட்டால் அது பழக்குபவனையே கொல்லும் என்று ஹடயோக பிரதீபிகை என்ற பழைய யோக நூல் சொல்கிறது. நம் மலையில் சிங்கமும் புலியும் இல்லை, சிறுத்தை உண்டு. தேயிலைக் கொழுந்து எடுக்கப் போன இடத்தில் அதைக் கண்டவர்களிடம் கேளுங்கள், அவசரமாகப் பழக்க முடியுமா என்று.

கபாலபாதியை நிறுத்துங்கள். அடக்குவதையும்தான். ஒரு மாதம் மூச்சை விடுவதை மட்டும் நீட்டிப் பழகுங்கள்.

பொகவந்தலாவையிலிருந்து ஒரு அக்கா: கொழுந்து எடுத்துவிட்டு வந்தால் முதுகும் கழுத்தும் விண்ணென்று வலிக்கிறது. சம்மணம் போட்டு உட்கார முடியாது. தோட்டத்து லய வீட்டில் அடுப்படியில்தான் இடம். என்ன செய்யலாம்?

அக்கா, உங்கள் கேள்விக்காகத்தான் இன்றைக்கு உட்கார்ந்தேன் என்று சொல்லலாம். முதல் விஷயம் அடுப்படி. விறகு எரியும்போது அங்கே ஆழமாக மூச்சு இழுத்தால் புகையைத்தான் ஆழமாக இழுப்பீர்கள். அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் செய்யுங்கள், அல்லது இஸ்தோப்பில் (வீட்டு முன்திண்ணையில்) செய்யுங்கள்.

சம்மணம் தேவையே இல்லை. சுவரில் சாய்ந்து காலை நீட்டலாம். அதுவும் முடியாவிட்டால் பாயில் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி வையுங்கள். ஒரு கை வயிற்றில். மூக்கால் 4 எண்ணி இழுங்கள், 6 எண்ணி விடுங்கள். நடுவில் நிறுத்தம் கிடையாது. ஒரு மூச்சுக்குப் பத்து நொடி, ஆக நிமிடத்துக்கு ஆறு. ஐந்து நிமிடம் போதும். மூச்சு வெளியே போகும்போது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு கொஞ்சம் மெதுவாகிறது. அதனால்தான் விடுவது நீளமாக இருக்க வேண்டும் என்கிறேன். நாள் முழுக்கக் கூடையின் பாரத்தைத் தலையில் தாங்கியவர்களுக்குத் தோளும் கழுத்தும் ஏறி இறுகிப்போய் நெஞ்சின் மேல்பக்கம் மட்டும் மூச்சு வாங்கும். வயிற்றில் கை வைக்கச் சொல்வது அதற்காக. வலி காலுக்கு இறங்கினால், மரத்துப்போனால், டாக்டரிடம் போங்கள். அது மூச்சால் தீரும் விஷயம் இல்லை.

நுவரெலியாவிலிருந்து: இங்கே காற்றில் ஒட்சிசன் குறைவாமே? சீதளி செய்யலாமா?

வீதம் எல்லா இடத்திலும் ஏறக்குறைய 21தான். உங்கள் ஊர் 1,868 மீற்றர் உயரம், அதனால் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் நாலு பங்கு. அங்கேயே வாழ்கிறவர்களுக்கு உடம்பு பழகியிருக்கும். சீதளி உடம்பைக் குளிர்விக்கும் பிராணாயாமம். தை மாதத்துப் பனியில், விடியற்காலை ஐந்து மணிக்கு எதற்கு?

பண்டாரவளையிலிருந்து ஒரு விஞ்ஞான ஆசிரியர்: பிராணன் என்று நம் முன்னோர் சொன்னது ஒட்சிசனைத்தானே?

இல்லை சேர். ஒட்சிசனைப் பிரித்தறிந்தது 1770களில். பிராணன் என்ற சொல் உபநிடதக் காலத்தது. சாந்தோக்கிய உபநிடதத்தில் கண், காது, வாக்கு, மனம் எல்லாம் 'யார் பெரியவர்' என்று பிராணனோடு சண்டை போடும். பிராணன் கிளம்பப் பார்த்ததும், நல்ல குதிரை கட்டிய முளைகளைப் பிடுங்குவது போல மற்ற எல்லாம் வேரோடு ஆடிப்போகும். இதில் ஒட்சிசன் வாயு எங்கே இருக்கிறது? பிராணனோடு சேர்த்துச் சொல்லும் மற்ற நாலையும் பாருங்கள்: அபானன் கீழே தள்ளுகிறது, சமானன் செரிக்க வைக்கிறது, உதானன் மேலே எழும்புகிறது, வியானன் உடம்பெங்கும் பரவுகிறது. இவை உயிர் செய்யும் வேலைகளுக்கு வைத்த பெயர்கள்.

அதே ஆசிரியர்: அப்படியானால் அளக்க முடியாத ஒன்றை எப்படி நம்புவது?

நம்ப வேண்டாம். 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடுவதற்கு நம்பிக்கை தேவைப்படாது.

கண்டியிலிருந்து ஒரு பெரியவர் (கொஞ்சம் கோபமாக): நாளுக்கு 21,600 மூச்சு என்று சித்தர்கள் கணக்கிட்டே வைத்துவிட்டார்கள். அதை மிச்சப்படுத்தினால் ஆயுள் நீளும். நீங்கள் சாத்திரத்தைக் கேலி செய்கிறீர்கள்.

ஐயா, கேலி செய்யவில்லை. 21,600 என்றால் நிமிடத்துக்கு 15. வளர்ந்தவர்கள் சும்மா இருக்கும்போது விடுவது 12 முதல் 20. கருவி இல்லாத காலத்தில் இவ்வளவு நெருக்கமாகக் கவனித்திருப்பதை மெச்ச வேண்டும். ஆனால் மூச்சு வங்கிக் கணக்கு போல என்றால், மேட்டில் ஏறி இறங்கி வேலை செய்கிற எங்கள் சனங்கள் முப்பது வயதைத் தாண்டக் கூடாதே? மேலும் மூன்று பேர் இந்தக் கேள்விக்குள் நுழைந்து, பேச்சை நாத்திகத்துக்கும் நவீன வைத்தியத்துக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் எல்லாரும் ஒருநாள் சேர்ந்து தேத்தண்ணி குடித்துத் தீர்த்துக்கொள்ளட்டும். நான் அடுத்த கேள்விக்குப் போகிறேன்.

கபாலபாதியால் தொப்பை குறையுமா? (ஆறு பேர்)

சோற்றைக் குறைத்தால் குறையும்.

பிரஷர் மாத்திரையை நிறுத்தலாமா?

கூடாது. கிளினிக்கில் கேட்காமல் ஒரு மாத்திரையும் நிறுத்த வேண்டாம். பிரஷர் உள்ளவர்கள் அடக்கவும் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் அதேதான், கபாலபாதியும் வேண்டாம்.

எப்போதும் ஒரு மூக்குத்துளை அடைத்திருக்கிறது. இடகலை (இடது மூக்கு வழியே ஓடும் மூச்சு) கெட்டுவிட்டதா?

கெடவில்லை. சில மணி நேரத்துக்கு ஒரு தடவை மூக்கு பக்கம் மாற்றிக்கொள்ளும். மூச்சோட்டத்தைப் பற்றிய சர சாத்திரம் சொல்லும் விஷயம்தான், மேற்கே 1895இல் எழுதி வைத்தார்கள். வாரக்கணக்கில் ஒரே பக்கம் அடைத்திருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

குண்டலினி எத்தனை நாளில் எழும்?

தெரியாது. நாள் கணக்குச் சொல்லிக் காசு கேட்பவரிடம் போகாதீர்கள்.

எவ்வளவு நேரம் அடக்கலாம்?

மேலே வாசித்தீர்களா? அடக்க வேண்டாம்.

மஸ்கெலியாவிலிருந்து: யாத்திரை சீசனுக்குச் சிவனொளிபாதமலை ஏறப்போகிறோம். படியில் எந்தப் பிராணாயாமம் நல்லது?

படியில் பிராணாயாமம் எதற்கு? பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே ஏறுங்கள். பேச முடியாமல் மூச்சு வாங்கினால் நின்று, விடுவதை நீட்டுங்கள், பிறகு ஏறுங்கள். நெஞ்சு இறுகினால் இறங்கிவிடுங்கள், மலை அங்கேயேதான் இருக்கும். நல்லதண்ணிப் பக்கமாக இறங்கும்போது முழங்கால் வலிக்கும். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.