முதுகுத்தண்டு ஜவ்வு விலகி வலியில் இருக்கும் வயதான நாயை வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

நாயை அவிழ்த்து விட வேண்டாம். மற்றதெல்லாம் அப்புறம், முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

கேட்டவர் வீட்டில் இருப்பது 11 வயது டாஷண்ட், நீள உடம்பும் குட்டைக் காலும் உள்ள இன நாய். ஒருநாள் முதுகைக் கூனிக்கொண்டு நின்றது, தூக்கப் போனால் அலறியது. ஜவ்வு விலகியிருக்கிறது என்று சொன்ன டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, ஆறு வாரம் கூண்டுக்குள்ளேயே வைக்கச் சொல்லியிருக்கிறார். மாத்திரை போட்டு இரண்டு மூன்று நாளிலேயே நாய் வாலை ஆட்டிக்கொண்டு வெளியே வரத் துடிக்கிறது. "அதான் சரியாயிருச்சே, வாயில்லாச் சீவனை ஏன் அடைச்சு வச்சிருக்க?" என்று வீட்டில் சத்தம் போடுகிறார்கள். என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு ராணியும் டாஷண்ட்தான். பத்து வயதைத் தாண்டிய பிறகு அவளுக்கும் இதே கோளாறு வந்தது. எங்கள் ஆச்சியும் ஏறக்குறைய இதே வார்த்தையைத்தான் சொன்னாள். நான் கால்நடை மருத்துவர் இல்லை. மாத்திரையும் அதன் அளவும் உங்கள் டாக்டர் சொல்ல வேண்டியது. வீட்டில் வைத்துப் பார்ப்பது எப்படி என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்தால் அடைத்து வைப்பதன் அவசியம் தானாகப் புரியும். முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு கிட்டத்தட்ட நுங்கு மாதிரி. சுற்றிலும் உறுதியான தோல், உள்ளே கொழகொழவென்று சதை. நீள உடம்பும் குட்டைக் காலும் உள்ள நாய்களுக்கு அந்தச் சதை சின்ன வயதிலேயே வறண்டு கெட்டியாகத் தொடங்கிவிடும். பிறகு என்றைக்கோ கட்டிலிலிருந்து குதிக்கும்போதோ, சும்மா உடம்பைத் திருப்பும்போதோ தோல் கிழிந்து, உள்ளே இருப்பது தண்டுவடத்தில் போய் முட்டுகிறது. கடைசி விலா எலும்பை ஒட்டிய பகுதியில்தான் இது அதிகம் வரும். கழுத்திலும் வரலாம். பெரிய இன நாய்களுக்கு வேறு மாதிரி. வயதான பிறகு ஜவ்வு மெதுவாகப் பிதுங்கும், வலியும் மெல்ல மெல்லத்தான் வெளியே தெரியும். டாஷண்ட் போன்ற நாய்களின் ஜவ்வு சீக்கிரம் கெடுவதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2017இல் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆகவே "நாமதான் சரியாப் பாக்கலையோ" என்று மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள். அது பிறக்கும்போதே கூட வந்தது.

கிழிந்த தோல் மூடித் தழும்பாக வாரக்கணக்கில் ஆகும். மாத்திரை வீக்கத்தைக் குறைக்கும், வலியை அடக்கும். கிழிசலை மூடுவது ஓய்வு மட்டும்தான். வலி இருக்கும்வரை நாய் தானாகவே அடங்கிப் படுத்திருக்கும். வலி விட்டதும் தனக்கு ஒன்றுமில்லை என்று அது நினைத்துக்கொள்ளும், நாமும் அப்படியே நினைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் ஒரே ஒரு குதி போதும், மிச்சமும் பிதுங்கி வந்துவிடும். நேற்று நடந்த நாய் இன்று பின்னங்காலை இழுத்துக்கொண்டு கிடக்கும். நாலிலிருந்து ஆறு வாரம் என்று டாக்டர்கள் சொல்வது இதற்காகத்தான். வீட்டில் சத்தம் போடுகிறவர்களை உட்கார வைத்து இதை விளக்கமாகச் சொல்லுங்கள். எங்கள் ஆச்சிக்குப் புரிந்த பிறகு அவள்தான் காவல். தார்சாவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, ராணி எழும்பினாலே "படுட்டி" என்று அதட்டுவாள்.

கூண்டு என்று தனியாக வாங்க வேண்டும் என்றில்லை. வீட்டின் ஒரு மூலையில் இரண்டு பக்கம் சுவர், மீதி இரண்டு பக்கம் பலகை, அவ்வளவே போதும். நிற்க, திரும்ப, கால் நீட்டிப் படுக்க இடம் இருந்தால் சரி. ஓடவோ ஏறவோ இடம் இருக்கக் கூடாது. பலகை மேல் முன்னங்காலைத் தூக்கி வைக்கிறது என்றால் இன்னும் உயரமாக வையுங்கள், அப்படி நிற்பதே முதுகுக்குக் கெடுதல். எல்லோரும் நடமாடும் இடத்தில் அது இருக்கட்டும். பின்கட்டில் கொண்டுபோய் அடைத்தால் நாள் முழுக்கக் கத்தும், கத்தினால் உடம்பு முறுக்கும். தரைதான் மிக முக்கியம். நம் வீடுகளில் மொசைக் அல்லது டைல்ஸ், இரண்டும் வழுக்கும். பத்தமடைக் கோரைப்பாய் குளிர்ச்சிதான், ஆனால் நகம் பிடிக்காது, காலுக்கடியில் நகர்ந்துவிடும். இலவம்பஞ்சு மெத்தை, அதன் மேல் குழந்தைகளுக்குப் போடும் ரப்பர் ஷீட், அதற்கும் மேல் துவைத்த பழைய பருத்திச் சேலை. மெத்தையைச் சுற்றி நகராத ரப்பர் மிதியடி. எங்களுக்கு இது ஒத்துவந்தது.

தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கு அடியில், இன்னொரு கை பின்தொடைக்கு அடியில். முதுகு பலகை போல நேராக வர வேண்டும். முன்னங்கால் கக்கத்தைப் பிடித்துக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்குவதைப் பிள்ளைகள் யாரும் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கழுத்துப் பட்டை இப்போது வேண்டாம், நெஞ்சைச் சுற்றி வரும் பட்டைதான் நல்லது. வெளிக்குப் போக மட்டும் முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் இறக்கி, ஈரிழைத் துண்டை மடித்து அடிவயிற்றுக்குக் கீழே கொடுத்து, பின்பக்கத்தின் பாரத்தை நாம் தாங்கிக்கொள்ள வேண்டும். முடிந்ததும் நேரே படுக்கைக்கு.

மூத்திரத்தைக் கவனிக்காமல் விட்டால் பெரிய தொல்லை. தண்டுவடம் அழுந்தினால் சில நாய்களால் தானாக மூத்திரம் போக முடியாது. சொட்டுச் சொட்டாக ஒழுகுவதைப் பார்த்து, போகிறதே என்று நினைத்துவிடுவோம். பை நிரம்பி வழிந்தாலும் அப்படித்தான் ஒழுகும். அப்படியென்றால் அடிவயிற்றை அழுத்தி மூத்திரத்தை வெளியேற்ற வேண்டும், ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. எங்கே, எவ்வளவு அழுத்துவது என்பதை டாக்டர் உங்கள் கையைப் பிடித்துக் காட்டித்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். எழுத்தில் சொல்லிப் புரியவைக்கிற காரியமில்லை. நாற்றம் மாறினாலோ கலங்கலாகப் போனாலோ உடனே காட்டுங்கள். நகராமல் கிடக்கும் நாயை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் போடுங்கள். இடுப்பெலும்பு, முழங்கை இந்த இடங்களில்தான் முதலில் தோல் சிவந்து புண்ணாகும். நனைந்த துணியை அப்போதே மாற்றிவிடுங்கள்.

மாத்திரை விஷயத்தில் இரண்டு மூன்று ஆபத்துகள் உண்டு. வீட்டில் மனிதர்களுக்கு வாங்கி வைத்திருக்கும் வலி மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். ஐப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவை நாய்க்கு வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் தரும். பாராசிட்டமாலையும் நம் இஷ்டத்துக்குக் கொடுக்கக் கூடாது. அடுத்தது, மெலாக்சிகாம் மாதிரியான வலி மாத்திரையையும் ஸ்டீராய்டையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. குடலே ஓட்டையாகும் அளவுக்குப் போகலாம். ஒரு டாக்டர் ஊசி போட்ட பிறகு இன்னொருவரிடம் போகிறீர்கள் என்றால் பழைய சீட்டைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். சாப்பிடாத வயிற்றில் கொடுக்காதீர்கள். வாந்தி வந்தாலோ, கரியதாக வெளிக்குப் போனாலோ அன்றே நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். நரம்பு வலிக்குக் காபாபென்டின் எழுதினால் நாய் தூங்கி வழியும், கொஞ்சம் தள்ளாடும், அது மருந்தின் வேலை. ஆனால் திடீரென்று நிறுத்தக் கூடாது.

வலி இருக்கிறதா என்று நாயிடம் கேட்க முடியாதுதான். ஆனால் அது காட்டும். குளிர்ச்சியான ராத்திரியிலும் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்குவது, தட்டு வரை வந்துவிட்டுக் குனியாமல் நிற்பது, காதுகளைப் பின்னால் மடக்கி ஒரே இடத்தை வெறிப்பது, முதுகின் இரண்டு பக்கமும் விரலை மெதுவாக ஓட்டினால் ஓர் இடத்தில் தோல் சிலிர்த்து வயிறு கல்லாகிப்போவது. ராணிக்கு அந்த இடம் கடைசி விலாவுக்கு ஓர் விரல்கடை பின்னால். இப்படி எதைப் பார்த்தாலும் நேரத்தோடு குறித்து வைத்து டாக்டரிடம் சொல்லுங்கள், மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவெடுக்க அவருக்கு அது உதவும். "நாய்தானே, பொறுத்துக்கும்" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

நம் பக்கத்தில் இன்னும் இரண்டு யோசனைகள் கட்டாயம் வரும். நல்லெண்ணெய் போட்டு உருவிவிடு, எலும்பு வைத்தியரிடம் கொண்டுபோய்த் தட்டிவிடு என்பார்கள். கூடவே கூடாது. பிதுங்கி நிற்கிற ஜவ்வை உருவினால் தண்டுவடம் இன்னும் நசுங்கும். இன்னொன்று, தாமிரபரணியில் நீந்த விடு என்பது. நீந்துவது நல்ல பயிற்சிதான், ஆனால் ஓய்வுக்காலம் முடிந்து டாக்டர் சரி என்ற பிறகு, ஓட்டமில்லாத தண்ணீரில், அடிவயிற்றில் கை கொடுத்துப் பிடித்துக்கொண்டு.

தெருவில் கோயில் கொடை (திருவிழா) வந்தால் முன்னாலேயே யோசித்து வையுங்கள். வேட்டுச் சத்தத்தில் திடுக்கிட்டு எழும் நாய் கூண்டுக்குள்ளேயே முதுகை முறுக்கிவிடும். அந்த இரண்டு நாளும் உள்ளறையில் ஜன்னலைச் சாத்தி, யாராவது பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள். பயத்துக்கு மருந்து தரலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சித்திரை வைகாசி வெயிலில் அடைபட்ட நாயால் தானாக நிழல் தேடிப் போக முடியாது, ஆகவே வெயில் நகரும் பக்கம் பார்த்துப் படுக்கை இடத்தை முடிவு செய்யுங்கள், தண்ணீர் எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இனி அவசரம். தினமும் பின்னங்கால் பாதத்தை மடக்கி, மேல்பக்கம் தரையில் படும்படி வைத்துப் பாருங்கள். நன்றாக இருக்கும் நாய் உடனே திருப்பி வைத்துவிடும். திருப்ப நேரமானாலோ, நடக்கும்போது நகம் தரையில் உரசும் சத்தம் புதிதாகக் கேட்டாலோ அன்றே கொண்டுபோங்கள். எழுந்து நிற்கவே முடியவில்லை என்றால் ராத்திரியானாலும் சரி, கிளம்பிவிட வேண்டும். பின்னங்கால் விரலை அழுத்திக் கிள்ளினாலும் வலி தெரியாத நிலைக்குப் போய்விட்டால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடந்தால்தான் நல்லது என்பார்கள். வலி உணர்வு இருக்கும்போதே செய்தால் பத்தில் ஒன்பது நாய்கள்வரை மறுபடி நடக்கின்றன, உணர்வு போன பிறகு பாதிக்குப் பாதிதான். திருநெல்வேலி ராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்குள்ள மருத்துவமனையில் நாய்களையும் பார்க்கிறார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், ஜவ்வும் தண்டுவடமும் தெரியாது, அதற்கு எம்ஆர்ஐ அல்லது சிடி வேண்டும். அந்த வசதியும் அறுவை சிகிச்சையும் எங்கே கிடைக்கும், சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத்தான் போக வேண்டுமா என்று இப்போதே, நாய் நன்றாக இருக்கும்போதே, விசாரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்திக்கொண்டு போகாதீர்கள். ஆட்டோவில், மெத்தை போட்ட பெட்டியில் படுக்க வைத்து.

"வயசாயிருச்சு, இனி எதுக்கு?" என்பவர்களுக்கு என் பதில்: 11 வயது டாஷண்டுக்கு இன்னும் சில வருடங்கள் இருக்கலாம். நன்றாகச் சாப்பிடுகிறது, உங்களைக் கண்டால் கண் மலர்கிறது, வலி மருந்துக்கு அடங்குகிறது என்றால் அதைக் கைவிட எந்தக் காரணமும் இல்லை. பின்னங்கால் திரும்பவே இல்லையென்றாலும் சக்கர வண்டி கட்டி ஓடுகிற நாய்கள் உண்டு. எந்த மருந்துக்கும் வலி அடங்காமல், சாப்பாட்டையும் ஆட்களையும் வெறுத்து, கெட்ட நாட்களே கூடிக்கொண்டு போனால் அப்போது டாக்டரிடம் மனம்விட்டுப் பேச வேண்டும். உங்கள் கேள்வியைப் படித்தால் நீங்கள் அந்த இடத்துக்கு அருகில்கூட இல்லை.

ஆறு வாரம் கழித்துத் திறக்கும்போதும் ஒரேயடியாகத் திறந்துவிடாதீர்கள். முதல் வாரம் கயிற்றில் பிடித்து ஐந்து நிமிட நடை, பிறகு வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். படியும் கட்டிலும் இனி எப்போதும் வேண்டாம், ஏற வேண்டிய இடத்தில் சாய்வுப் பலகை. அடைபட்டிருக்கும் காலத்தில் சாப்பாட்டைக் குறைக்காவிட்டால் எடை ஏறும், விலா எலும்பு கையில் தட்டுப்பட வேண்டும், அதுதான் அளவு. விருந்தாளிகள் கொடுக்கும் பிஸ்கட்டையும் மிக்சரையும் இன்றிலிருந்தே நிறுத்திவிடுங்கள்.