காஸ் ஹீற்றர் பற்றிப் பற்றி அணைகிறது, புதிது வாங்குவதா, திருத்துவதா?

வவுனியாவில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: குளியலறைக்குப் பூட்டிய காஸ் ஹீற்றர் பற்றுகிறது, கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடுகிறது. சிலிண்டர் மாற்றியும் சரிவரவில்லை. புதிது வாங்குவதா?

வாங்க வேண்டாம், பொறுங்கள். நான் ஹீற்றர் திருத்துகிறவன் இல்லை. மல்லாவிப் பக்கம் வயல் செய்கிறவன். ஆனால் எங்கள் வீட்டு ஹீற்றர் ஒவ்வொரு வருசமும் ஒவ்வொரு விதமாக மக்கர் பண்ணி, அதன் வயிற்றுக்குள் இருக்கிறது எல்லாம் எனக்குப் பாடமாகிவிட்டது.

2019 மார்கழியில் கனடாவில் இருந்து அண்ணை வந்திருந்தார். விடிய வெள்ளன, வாடைக்காற்றுக்குள் அம்மா கிணற்றடியில் நடுங்கிக்கொண்டு முழுகுவதைப் பார்த்துவிட்டு, அடுத்த நாளே வவுனியாவுக்குப் போய் 6 லீற்றர் ஹீற்றர் (நிமிசத்துக்கு 6 லீற்றர் தண்ணீர் சூடாக்குவது) ஒன்றோடு வந்து இறங்கினார். மின்சார ஹீற்றர் வேண்டாம் என்றது நான்தான். பின்னேரமானால் எங்கள் லைனில் வோல்ற்றேஜ் விழுந்து ஃபானே அரைமனதாகத்தான் சுற்றும். சரி, காஸ் என்று முடிவாகியது. அண்ணை விமானம் ஏறின கிழமையே ஹீற்றரும் அணையத் தொடங்கியது. தலையில் சவர்க்காரத்தோடு உள்ளே இருந்து அம்மா, "டேய் தம்பி, பச்சைத்தண்ணியடா வருது!" என்று கத்துவா. நான் ஓடிப்போய்ச் சிலிண்டரை ஆட்டிப் பார்ப்பேன்.

நீங்கள் செய்ததைத்தான் நானும் செய்தேன். சிலிண்டர் மாற்றினேன், பிறகு ரெகுலேற்றர், பிறகு ஹோஸ். ஹீற்றர் திருத்துகிற பாஸ் ஒருவர் வந்து மூடியைக் கழற்றிப் பார்த்து, "போர்ட் அடிச்சுப் போச்சு, புதுசு எடுங்கோ" என்றார். உள்ளே எல்லாவற்றையும் இயக்கும் மின்சுற்றுத் தட்டைத்தான் போர்ட் என்றார். அதில் ஒரு பிழையும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

பிழை எங்கே என்று கண்டுபிடிக்க ஒன்றை மட்டும் கவனியுங்கள்: எந்த நேரத்தில் அணைகிறது? பற்றவே இல்லையா, பற்றி நாலைந்து செக்கனில் அணைகிறதா, பத்து நிமிசம் ஓடிவிட்டு அணைகிறதா, யாரோ குசினியில் பைப்பைத் திறக்கும்போது அணைகிறதா? இவை ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு.

ஏனென்றால் இந்தச் சின்னப் பெட்டி வேலை செய்யும் விதம் அப்படி. தண்ணீர் உள்ளே ஓடும்போது ஒரு ரப்பர் சவ்வைத் தள்ளும். அந்தச் சவ்வு ஒரு ஊசியைத் தள்ள, ஊசி ஒரு சின்ன சுவிச்சை அமத்தும். உடனே இரண்டு பெரிய டோர்ச் பட்டரியில் இருந்து 'டிக் டிக்' என்று பொறி பறக்கும், காஸ் வால்வு திறக்கும், நெருப்புப் பற்றும். நெருப்புக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கம்பி 'ஓம், பற்றிவிட்டது' என்று போர்டுக்குச் சொல்லும். இதில் ஒன்று பிசகினாலும் வால்வு மூடிக்கொள்ளும். பெட்டி பழுதாகித்தான் அணைகிறது என்றில்லை. பல வேளை எங்களைக் காப்பாற்றத்தான் அணைகிறது.

முதலில் பட்டரி. எத்தனை பேர் இதைப் பார்க்காமல் பாஸைக் கூப்பிட்டுக் காசு கொடுக்கிறார்கள் தெரியுமா? காஸ் வால்வைத் திறந்து வைத்திருப்பதும் அதே பட்டரிதான். அதனால் சாகப்போகிற பட்டரி பொறியைத் தந்துவிட்டு நடுவழியில் வால்வைக் கைவிடும். இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள், பழையது ஒன்று புதியது ஒன்று போடாதீர்கள்.

எங்கள் வீட்டில் முதல் வில்லன் தண்ணீர். எங்களுடையது வீட்டுத்திட்ட வீடு, குளியலறை வெளியே. தாங்கி வைத்த கட்டு 12 அடி, ஷவர் 7 அடியில். இடையில் இருப்பது 5 அடி, அதாவது ஒன்றரை மீற்றர். அழுத்தத்தை 'பார்' என்ற அலகில் அளப்பார்கள், 10 மீற்றர் உயரத் தண்ணீர்தான் ஒரு பார் அழுத்தம் தரும். அப்போ எங்களுக்குக் கிடைத்தது 0.15 பார். ஹீற்றரின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த தாளில் குறைந்தது 0.25 பார் வேண்டும் என்று போட்டிருந்தது. தாங்கி தளும்பத் தளும்ப நிறைந்திருக்கும்போது எப்படியோ சமாளித்துப் பற்றும், தண்ணீர் இறங்க இறங்கச் சவ்வு பின்வாங்கி அணைந்துவிடும். அம்மா எப்போதும் கடைசியாகத்தான் முழுகுவா. அகப்பட்டதும் அவதான்.

இதைச் சோதிக்க ஒரு லீற்றர் போத்தல் போதும். ஹீற்றர் வழியாக வரும் தண்ணீரைப் பிடித்து, நிறைய எத்தனை செக்கன் என்று பாருங்கள். எங்களுக்கு 35 செக்கன் எடுத்தது. 20 செக்கனுக்குள் நிறைந்தால் பொதுவாகப் பிரச்சினை இருக்காது. 25-ஐத் தாண்டினால் காஸ் பக்கம் கையே வைக்காதீர்கள், தண்ணீரைப் பாருங்கள்.

தண்ணீர் உள்ளே போகும் பைப்பின் நட்டைக் கழற்றினால் விரல் நுனி அளவில் ஒரு வலை ஃபில்ற்றர் இருக்கும். (முதலில் தண்ணீர் வால்வை மூடுங்கள். நான் மூடாமல் கழற்றி நல்லாய் நனைந்தேன்.) அதற்குள் தட்டிப் பார்த்தேன்: வெள்ளை வெள்ளையாகக் கல்லுத் துகள், பாசி, பைப் பொருத்தியபோது சுற்றிய டேப்பின் துண்டு ஒன்று. எங்கள் பக்கக் கிணற்றுத் தண்ணீரின் சங்கதி கேத்தல் அடியைப் பார்த்தாலே தெரியும், சுண்ணாம்பு தோல் மாதிரிப் படிந்திருக்கும். அதே தோல்தான் ஹீற்றரின் செப்புக் குழாய்க்குள்ளும் படிகிறது. ஃபில்ற்றரை இரவு முழுக்க வினாகிரியில் ஊறப்போட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன். வினாகிரி இல்லாவிட்டால் தேசிக்காய்ப் புளியும் சரிவரும். பிறகு அடுத்த வருசம் சிறுபோக நெல் விற்ற காசில் தாங்கிக் கட்டை இன்னும் 8 அடி உயர்த்தினோம். அதோடு போத்தல் 15 செக்கனில் நிறைந்தது.

அடுத்தது 2022. அந்த வருசம் காஸுக்கு நாடே வரிசையில் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். வன்னியில் எங்களுக்கு விறகுக்குப் பஞ்சமில்லை, அடுப்புக்குத் திரும்பினோம். ஹீற்றர் மாசக்கணக்காகச் சும்மா தொங்கியது. பிறகு காஸ் கிடைத்து மூட்டினால், 'புக்' என்ற சத்தத்தோடு மஞ்சளாகப் பற்றி, நாலு செக்கனில் அணைந்தது. மூடியைக் கழற்றினால், பேர்னருக்குக் காற்று இழுக்கும் வாய்களில் இரண்டில் குளவி மண் அப்பிக் கூடு கட்டியிருந்தது, மற்றதில் சிலந்தி வலை. காற்றுக் குறைந்தால் நெருப்பு மஞ்சளாகும், கரி பிடிக்கும். அந்தக் கரி நான் மேலே சொன்ன கம்பியில் அப்பிக்கொள்ளும். நெருப்பு வழியே ஓடுகிற நூலிழை போன்ற மின்னோட்டத்தை வைத்துத்தான் அந்தக் கம்பி நெருப்பை அறிகிறது. கரியோ துருவோ மூடினால், நெருப்பு எரிந்துகொண்டே இருந்தாலும் அதற்குத் தெரியாது. பற்றி மூன்று முதல் ஐந்து செக்கனில் அணைகிறதென்றால் பத்துக்கு எட்டு இந்தக் கம்பிதான் என்பது என் அனுபவம். காஸை மூடி, பட்டரியைக் கழற்றிவிட்டு, நைசான சாண்ட்பேப்பரால் மெதுவாக உரசுங்கள். வளைத்துவிடாதீர்கள்.

சிலிண்டரைப் பற்றியும் ஒரு சொல். குளிக்கத்தானே என்று நான் தொடக்கத்தில் 5 கிலோ சிலிண்டர் வைத்திருந்தேன். அது பிழை. 6 லீற்றர் ஹீற்றர் முழு வேகத்தில் எரிந்தால் மணித்தியாலத்துக்கு ஒரு கிலோவுக்குக் கிட்ட காஸ் குடிக்கும், குசினி அடுப்பு ஒன்றைப் போலப் பல மடங்கு. திரவம் ஆவியாகும்போது சூட்டை இழுக்கும், சின்னச் சிலிண்டர் குளிர்ந்து வியர்த்துப்போகும், அழுத்தம் விழும். அதுதான் பத்து நிமிசத்தில் சோர்ந்து அணையும் வகை. 12.5 கிலோவுக்கு மாற்றுங்கள். சிலிண்டரில் கொதிதண்ணீர் ஊற்றும் வேலை மட்டும் வேண்டாம்.

சரியாக 20 நிமிசத்தில் அணைந்தால் அது பழுதே இல்லை. பல ஹீற்றர்களில் அப்படியொரு நேரக்கட்டுப்பாடு இருக்கிறது. பைப்பை மூடித் திறந்தால் திரும்பப் பற்றும். பங்குனி, சித்திரை மத்தியானத்தில் அணைவதும் இன்னொரு பகிடி: கறுப்புத் தாங்கித் தண்ணீர் வெயிலிலேயே கொதித்துக் கிடக்கும், அதை இன்னும் சூடாக்கப் போனால் வெப்பக் காவல் சுவிச் வெட்டிவிடும். அந்த நேரம் ஹீற்றர் எதற்கு?

கடைசியாக எழுதினாலும் முக்கியமானது இது. உங்கள் ஹீற்றர் குளியலறைக்கு உள்ளே இருக்கிறதா? வாடைக்காற்று வருகிறதென்று நாங்கள் ஒருமுறை குளியலறைக் கிறில்லைப் பொலித்தீனால் மூடினோம். அப்போது ஹீற்றரும் உள்ளேதான் இருந்தது. தங்கச்சி பிள்ளை பெற்று வந்திருந்த சமயம். முழுகப் போனவள் ஐந்தாறு நிமிசத்தில் தலை இடிக்கிறது, சத்தி வருகிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். களைப்பு என்று அம்மா சொன்னா. களைப்பு இல்லை. மூடிய அறைக்குள் ஒக்சிசன் குறைந்தால் நெருப்புச் சரியாக எரியாது, காபன் மொனொக்சைட் வரும். அதற்கு மணம் இல்லை, நிறம் இல்லை. சில ஹீற்றர்கள் ஒக்சிசன் குறைந்ததும் தானாக அணையும், சிலவற்றில் அந்த வசதியே இல்லை. அன்று பின்னேரமே ஹீற்றரைக் கழற்றி வெளிச்சுவரில், மழை படாத தாழ்வாரத்தின் கீழ் பூட்டினேன். சூடான தண்ணீர்ப் பைப் மட்டும்தான் இப்போது உள்ளே போகிறது. காற்று அடித்து அணையாமல் இருக்க ஒரு பக்கம் மட்டும் தகரம் மறைத்திருக்கிறேன். உள்ளே இருக்கும் ஹீற்றர் அணைந்துகொண்டே இருந்தால், அதை அணையாமல் செய்ய வழி தேடாதீர்கள். இடத்தை மாற்றுங்கள்.

காஸ் பக்கம் எதைக் கழற்றிப் பூட்டினாலும் சவர்க்கார நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். நெருப்புக்குச்சியால் சோதிக்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். உள்ளே இருக்கிற காஸ் வால்வில் பிழை என்றால் அதை மட்டும் தெரிந்த ஆளிடம் விடுங்கள், நானும் அதைத் தொடுவதில்லை.

இப்போ நீங்கள் சொல்லுங்கள்: பற்றி எத்தனை செக்கனில் அணைகிறது, நெருப்பு நீலமா மஞ்சளா, பட்டரி கடைசியாக எப்போ மாற்றினீர்கள், ஒரு லீற்றர் போத்தல் எத்தனை செக்கனில் நிறைகிறது? கீழே எழுதினால் பார்த்துச் சொல்கிறேன். இரவில்தான் பதில் வரும், பகலில் வயலில் நிற்பேன்.