எது எதிலிருந்து பிரிந்தது?

“ரிப்போர்ட்டில் டிடாச்மென்ட் என்று போட்டிருக்கிறது. என் தாயாரைப் போல எனக்கும் பார்வை போய்விடுமா டாக்டர்?” இது உங்கள் கடிதத்தின் கடைசி வரி. அதற்கு முன்னால் உள்ள இரண்டு பக்கமும் இந்த ஒரு வரியைக் கேட்கத் தயங்கித் தயங்கி எழுதியவை என்று புரிகிறது. அதனால் முதலில் இதற்கே பதில்: உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது உங்கள் தாயாருக்கு வந்த விழித்திரை விலகல் நோய் இல்லை.

அகராதியில் டிடாச்மென்ட் என்றால் பற்றின்மை, பிரிந்து வருதல், படைப்பிரிவு என்று பல பொருள் உண்டு. கண் மருத்துவத்தில் ஒட்டியிருந்த ஒன்று பிரிந்தது என்று மட்டுமே பொருள். எது பிரிந்தது என்பதை அதற்கு முன்னால் நிற்கும் சொல்தான் சொல்லும். உங்களுக்கு அங்கே ‘விட்ரியஸ்’ என்று இருக்கிறது. அதை விட்டுவிட்டு மீதிச் சொல்லை மட்டும் செல்பேசியில் தேடியிருக்கிறீர்கள். விழித்திரை விலகல், பார்வை இழப்பு என்று வரிசையாக வந்து விழுந்திருக்கிறது. நான்கு இரவு தூக்கம் போயிற்று. நீங்கள் அனுப்பிய அதே நகலில், மூன்றாவது வரியில், விழித்திரை ஒட்டியிருக்கிறது, கிழிசல் இல்லை என்று உங்கள் மருத்துவர் எழுதியிருக்கிறார். செல்பேசியைத் திறக்கும் முன் அந்த வரியை அவரிடமே கேட்டிருக்கலாமே!

விட்ரியஸ் என்பது கண்ணுக்குள் நிறைந்திருக்கும் ஜெல்லி. சுமார் 4 மில்லிலிட்டர் இருக்கும்; ஏறக்குறைய எல்லாமே நீர்தான். வயது ஏற ஏற அது நீர்த்து, சுருங்கி, பின்னால் ஒட்டியிருக்கும், ஒளியை உணரும் படலமான விழித்திரையிலிருந்து தானாகக் கழன்றுகொள்ளும். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இது சகஜம். உங்களைப் போல மைனஸ் 7 கண்ணாடி போட்டவர்களுக்குச் சற்று முன்னதாகவே வரும். கண் முன்னால் மோதிரம் போல ஒரு வளையம் மிதக்கிறது என்கிறீர்களே, அது பார்வை நரம்பைச் சுற்றி ஜெல்லி ஒட்டியிருந்த இடம். கழன்று மிதக்கிறது, அதன் நிழலைப் பார்க்கிறீர்கள். சில மாதங்களில் மூளை அதைக் கவனிப்பதை விட்டுவிடும்.

இருட்டில் ஓரமாக மின்னியது என்று எழுதியிருக்கிறீர்களே, அது வேறு விஷயம். விழித்திரைக்கு வலி தெரியாது. ஜெல்லி அதைப் பிடித்து இழுத்தால், அந்த இழுப்பை ஒளி என்றே மூளைக்குச் சொல்லும். பெரும்பாலும் இழுத்துவிட்டு விட்டுவிடும். புதிதாக மின்னலும் புள்ளிகளும் கண்டவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு மட்டும், இழுக்கிற வேகத்தில் விழித்திரை கிழிந்துவிடும். கிழிசல் வழியாக நீர் பின்னால் இறங்க, ஈரம் ஏறிய சுவரில் சுண்ணாம்பு உப்பிப் பெயர்வது போல விழித்திரை பெயரத் தொடங்கும். விழித்திரை விலகல் என்பது இதுதான்.

என்னிடம் ஒரு தையல்காரர் வந்தார். மின்னல் தெரிந்த அன்று மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டார். ஓரத்தில் எழும்பிய நிழலை அவர் உணரவே இல்லை, மற்றக் கண் அதை ஈடுசெய்துகொண்டே இருந்தது. மூன்று வாரம் கழித்து, ஊசியில் நூல் கோக்க ஒரு கண்ணை மூடியபோதுதான் ஊசியே தெரியவில்லை என்று கண்டுபிடித்தார். முதல் நாளே வந்திருந்தால் லேசர் வைத்து அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். இப்போது அறுவை சிகிச்சையில் விழித்திரையை ஒட்டவைத்தாகிவிட்டது. ஆனால் மையப்பகுதி பெயர்ந்திருந்ததால், துணியில் அவர் போடும் சுண்ணக்கோடு அந்தக் கண்ணுக்கு இன்றும் நெளிந்தே தெரிகிறது.

ஆகவே நினைவில் வைக்க வேண்டியது இது. புள்ளிகள் திடீரென்று மிளகுப்பொடி தூவியது போலக் கூடினாலோ, மின்னல் மறுபடி அதிகமானாலோ, ஓரத்திலிருந்து திரை போல நிழல் ஏறினாலோ அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலிக்கவில்லையே என்று காத்திருக்காதீர்கள், இந்த நோய் வலிக்காது. தினமும் காலையில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவர்க் காலண்டரின் நான்கு மூலையும் தெரிகின்றனவா என்று பாருங்கள். பிறகு மற்றக் கண்.

செல்பேசி, தொலைக்காட்சி, இமை துடிப்பது, இரவில் படிப்பது எதனாலும் இது வரவில்லை, படியுங்கள். கேரட்டும் பொன்னாங்கண்ணியும் நல்ல உணவு, ஆனால் மிதக்கும் வளையத்தைக் கரைக்காது. பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த சொட்டு மருந்தை மட்டும் இன்றே நிறுத்துங்கள். நீங்கள் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்தால் அது ஸ்டீராய்டு. ஜெல்லியில் எந்த மாற்றமும் செய்யாது. கண் அழுத்தத்தை ஏற்றும், கண்புரையை வரவழைக்கும்.

விழித்திரை விலகல் 1920கள் வரை ஏறக்குறைய தீராத நோய். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஜூல் கோனின் என்ற மருத்துவர்தான், கிழிசலை அடைத்தால் விழித்திரை மீண்டும் ஒட்டும் என்று காட்டினார். உங்கள் தாயார் காலத்திலேயே சிகிச்சை இருந்தது. அவருடைய கண் பல மாதம் மங்கிக் கிடந்தும் வயதானால் அப்படித்தான் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள் என நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் வருத்தமாக இருக்கிறது.

பழகிவிட்டதே, ஆறாவது வாரப் பரிசோதனைக்குப் போக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் போக வேண்டும். முதல் நாள் இல்லாத கிழிசல் அடுத்த சில வாரங்களில் வரக்கூடும், உங்களுக்கு மைனஸ் பவரும் சேர்ந்திருக்கிறது. தாயாரின் கதையை உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள், மற்றக் கண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள். கண் பாப்பாவை விரிக்க மருந்து விடுவார்கள், நான்கைந்து மணி நேரம் எல்லாம் மங்கலாகத் தெரியும். ஸ்கூட்டரை வீட்டில் விட்டுவிட்டு மகளைக் கூட அழைத்துச் செல்லுங்கள்.