8 கியர் சைக்கிளுக்கு 10 ஸ்பீடு டீரெய்லர் சேருமா?

கேள்வி: என் மவுண்டன் பைக்கில் முன்னால் 3, பின்னால் 8 கியர். பின் டீரெய்லர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் பாகம்) பாறையில் இடித்ததிலிருந்து கியர் சரியாக விழுவதில்லை. பெரிய பல்சக்கரங்களுக்குப் போனால் கடகடவென்று சத்தம். 'பழைய ஷிமானோ ஆல்டஸ் டீரெய்லரைக் கழற்றிவிட்டு, பின்னால் 10 கியருக்கான 10 ஸ்பீடு டியோர் போடுங்கள்' என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? நானே மாட்டி செட் செய்ய முடியுமா?
- ஒரு வாசகர், குன்னூர்

பதில்: வாங்காதீர்கள். டியோர் நல்ல பொருள்தான், ஆனால் உங்கள் சைக்கிளுக்குச் சேராது. ஹேண்டில்பாரில் கியர் மாற்றும் ஷிஃப்டர் ஒரு கிளிக்குக்கு இழுக்கும் கேபிளுக்கு டீரெய்லர் எவ்வளவு நகர வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. ஷிமானோவின் மவுண்டன் பைக் வரிசையில் 7, 8, 9 ஸ்பீடுக்கெல்லாம் அது ஒன்றே. 10 ஸ்பீடில் மாற்றிவிட்டார்கள். உங்கள் 8 ஸ்பீடு ஷிஃப்டரோடு அதை மாட்டினால் ஒரு கியர் சரியாகும்போது இன்னொன்று கெடும். அப்புறம் ஷிஃப்டர், கேசட் (பின் பல்சக்கரத் தொகுதி), செயின் என்று செலவு இழுத்துக்கொண்டே போகும்.

காசை எடுப்பதற்கு முன், சைக்கிளுக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். டீரெய்லரின் இரண்டு குட்டிச் சக்கரங்களும் பல்சக்கரத்துக்கு நேராகத் தொங்க வேண்டும். கீழ்ச்சக்கரம் ஸ்போக்ஸ் பக்கம் சாய்ந்திருந்தால், டீரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் வளைந்திருக்கிறது. நீங்கள் சொல்லும் அடிக்கு எனக்கு முதல் சந்தேகமே அதன்மேல்தான். ஃப்ரேம் பிழைக்கட்டும் என்று தான் வளைந்துகொடுக்கிற துண்டு அது. ஹேங்கர் நேராக இருக்கிறதா என்று அளக்கும் கருவி வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் நிமிர்த்தலாம், அல்லது மாற்றலாம். ஃப்ரேமுக்கு ஃப்ரேம் வடிவம் வேறு என்பதால் பழையதைக் கையோடு கொண்டுபோங்கள்.

ஹேங்கர் நேராக இருந்து, டீரெய்லரின் மூட்டுகளில் ஆட்டம் தெரிந்தால் மட்டும் புதிது வாங்குங்கள். அதே ஆல்டஸ் போதும். ஷிமானோவின் 9 ஸ்பீடு மவுண்டன் பைக் டீரெய்லரும் உங்கள் ஷிஃப்டரோடு ஒத்துப்போகும். முன்னால் 42-32-22, பின்னால் 11-32 பல் என்றால் முன் வித்தியாசம் 20-ம் பின் வித்தியாசம் 21-ம் சேர்த்து 41. டீரெய்லரின் மொத்தக் கொள்ளளவு, அதாவது அது சமாளிக்கும் பல் வித்தியாசம், இதற்குக் குறையக் கூடாது. அதற்குக் குட்டிச் சக்கரங்களைத் தாங்கும் கூண்டு நீளமாக இருக்க வேண்டும்.

செட் செய்வதை நீங்களே தாராளமாகச் செய்யலாம். செயினைப் பின்னால் இருக்கும் மிகச் சின்னப் பல்சக்கரத்தில் விட்டு, மேல் குட்டிச்சக்கரம் அந்தப் பல்லின் வெளி விளிம்புக்கு நேராக வரும்வரை டீரெய்லரில் சின்னப் பல் பக்க எல்லையை வைக்கும் H திருகைத் திருப்புங்கள். கேபிளைக் கையால் இழுத்துப் பிடித்து முடுக்குங்கள். பெரிய பல் பக்க எல்லையை வைக்கும் L திருகில்தான் கவனம் முழுவதும் வேண்டும்: பெடலைச் சுற்றிக்கொண்டே டீரெய்லரைக் கையால் உள்ளே தள்ளினாலும் பெரிய பல்லைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போது செயின் ஸ்போக்ஸுக்குள் விழும். டீரெய்லர், சக்கரம் இரண்டும் போய்விடும். மற்றதெல்லாம் கேபிள் முனையிலுள்ள உருளைத் திருகின் வேலை. பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கினால் இடஞ்சுழியாக அரைச் சுற்று. இறங்கத் தயங்கினால் எதிர்ப்பக்கம். இறங்கும் தயக்கம் மட்டும் தீரவே இல்லையென்றால் கேபிளும் உறையும் உள்ளே துருப்பிடித்திருக்கலாம். அவற்றைப் புதிதாக மாற்றிவிட்டு மறுபடி திருகுங்கள்.