கேமரா சென்சாரில் படிந்த தூசியை வீட்டிலேயே அகற்றலாமா?

செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் திருவிழாவைப் படமெடுத்தபின் படங்களின் வானப்பகுதியில் கரும்புள்ளிகள் தெரிவதாக எழுதியிருந்தீர்கள். அவை சென்சாரில், அதாவது லென்ஸின் பின்னே பிம்பத்தைப் பதிவுசெய்யும் தகட்டில், படிந்த தூசி. வீட்டிலேயே அகற்றலாம், பெரும்பாலும் துடைக்கவே தேவைப்படாது.

முதலில் அபெர்ச்சரை (லென்ஸின் ஒளித்துளையை) எஃப் 16 அளவுக்குச் சுருக்கி வெண்சுவர் ஒன்றைப் படமெடுங்கள். லென்ஸ் பிம்பத்தைத் தலைகீழாக வீழ்த்துவதால், படத்தில் மேலே தெரியும் புள்ளி சென்சாரில் கீழே இருக்கும். பேட்டரியை முழுமையாக ஏற்றிக்கொண்டு (சென்சாருக்கு முன்னே கண்ணாடியுள்ள டி.எஸ்.எல்.ஆர். வகைக் கேமராவில், நடுவே மின்சாரம் தீர்ந்தால் அந்தக் கண்ணாடி கீழிறங்கிவிடும்), மின்விசிறியை நிறுத்தி, லென்ஸைக் கழற்றி, மெனுவில் சென்சார் துப்புரவைத் தேர்ந்தெடுத்து, கேமராவின் வாய் தரையை நோக்கும்படி பிடித்து, ரப்பர் புளோவரின் (அழுத்தினால் காற்றை ஊதும் குமிழின்) முனை உள்ளே நுழையாதவாறு ஏழெட்டு முறை அழுத்துங்கள். வாயால் ஊதவே வேண்டாம். எச்சில் துளி காய்ந்தால் தூசியைவிட அழுத்தமாக ஒட்டிக்கொள்ளும்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டின் புழுக்கத்தில் எனக்கு ஒருமுறை அப்படியும் ஒரு புள்ளி போகவில்லை. அப்போதுதான் சுவாப் (சென்சாரைத் துடைக்கும் தட்டையான துடைப்பான்) தேவை: சிறிய ஏ.பி.எஸ்.-சி அளவுச் சென்சாருக்கு 16 மி.மீ., பெரிய முழுச்சட்டச் சென்சாருக்கு 24 மி.மீ. அகலம். சென்சாருக்கென உள்ள திரவத்தை அதன் முனையில் இரண்டே சொட்டு விட்டு, ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே இழுப்பு. திருப்பி மறுபக்கத்தால் இன்னொன்று. பிறகு அதை எறிந்துவிடுங்கள். தூசியை ஊதி அகற்றாமல் நேரே துடைத்தால், செம்மண் துகளே சென்சாரின் மேலுள்ள வடிகட்டிக் கண்ணாடியைக் கீறிவிடும்.