பகட்டைக் கலாய்க்கும் பாட்டு வீடியோ: வடசென்னைக் கேள்விகள், பதில்கள்

ராயபுரம்: அண்ணா, பணக்காரத் திமிரைக் கிண்டலடிக்கிற பாட்டு. பெரிய கார் ஒண்ணு வாடகைக்கு எடுத்தா போதுமா?

வேணாம் தம்பி. காரைக் கீழேயிருந்து ஸ்லோமோஷன்ல காட்டினா அது கார் விளம்பரம்தான். வரியில என்ன திட்டினாலும் கண்ணு ஆசைப்பட்டுடும். பகட்டா எடுக்கிற தோரணையை அப்படியே வெச்சுக்கிட்டு பொருளை மட்டும் மாத்துங்க. வாட்ச்சுக்குக் கொடுக்கிற வெளிச்சத்தை வஞ்சிரத்துக்குக் கொடுங்க.

காசிமேடு: மீனை அப்படி மினுக்க முடியுமாண்ணா?

லைட்டை நேரா அடிச்சா தோல்மேல வெள்ளைப் புள்ளிதான் விழும். பெரிய வெள்ளை தெர்மாகோல்ல அடிச்சுத் திருப்புங்க. முதுகு வளைவுல நீளமா ஒரு வெள்ளைக் கோடு ஓடும். கார் பானட்ல பார்க்கிற அதே கோடு. தண்ணியும் கிளிசரினும் சரிபாதி கலந்து ஸ்ப்ரே பண்ணுங்க. வெறும் தண்ணி வழிஞ்சிடும், இது முத்து முத்தா நிக்கும். அந்த மீனைக் குழம்புக்குப் போட்டுடாதீங்க.

வியாசர்பாடி: ஸ்லோமோஷன்ல வாயசைப்பு ஒட்டவே மாட்டேங்குது.

வினாடிக்கு 50 ஃபிரேம்ல எடுத்து 25ல ஓட்டுறீங்கன்னா, எடுக்கும்போது பாட்டை ரெண்டு மடங்கு வேகத்துல ஓடவிட்டு வாயசைக்கணும். ஷட்டர் வேகம் 1/100 வினாடி. டியூப்லைட் தெருவுல 120 ஃபிரேம் வேணாம். நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ், டியூப்லைட் வினாடிக்கு 100 தடவை மினுங்கும். 120ஓட அது ஒட்டாம படம் துடிக்கும்.

தண்டையார்பேட்டை: 'உனக்கு உள்ள இடமில்ல'ங்கிறதை எப்படிக் காட்டுறது?

நட்சத்திர ஓட்டல் வெல்வெட் கயிறுக்குப் பதிலா வலைக்கயிறு, ரெண்டு பிளாஸ்டிக் ஸ்டூல். கோட்டு போட்ட பவுன்சர் தெருக்குழாய்கிட்ட நின்னு குடத்துக்கு அனுமதி கொடுக்கட்டும். முக்கியமா, கேமரா கயிறுக்கு வெளியவே இருக்கணும். உள்ள போயிட்டா பார்க்கிறவன் விருந்தாளி ஆயிடுவான், கோபம் வராது. 2017ல வந்த 'சென்னை புறம்போக்கு பாடல்' பாருங்க. கபேர் வாசுகி எழுதி டி.எம். கிருஷ்ணா பாடினது, இயக்கம் ரதீந்திரன் பிரசாத். சபாவுக்குள்ள இருந்த கர்நாடக சங்கீதத்தை எண்ணூர் கழிமுகத்துல கொண்டுவந்து உட்கார வெச்சாங்க. இடத்தை மாத்தினதே பாதி விமர்சனம்.

திருவொற்றியூர்: அமெரிக்கப் பாடகர்கள் பியான்சேவும் ஜே-சீயும் 2018ல பாரிஸ் லூவ்ர் மியூசியத்துல எடுத்த பாட்டு வீடியோ விமர்சனமா, பந்தாவா?

ரெண்டும். கறுப்பு உடல்களுக்குப் பெருசா இடம் தராத சுவர் முன்னாடி அவங்க நிக்கிறது கேள்விதான். ஆனா கூட்டமே இல்லாத லூவ்ர் கையில கிடைக்கிறது எத்தனை பேருக்கு முடியும்?

காசிமேடு: ட்ரோன் விடலாமா?

அரசாங்கத்தோட 'டிஜிட்டல் ஸ்கை' ட்ரோன் வரைபடத்துல அந்த இடம் மஞ்சளா (அனுமதி வாங்கணும்) சிவப்பான்னு (தடை) முதல்ல பாருங்க. ரொம்ப உயரத்துல இருந்து எடுத்தா குடிசைகூட கோலம் மாதிரி அழகாத் தெரியும், உங்க பாட்டுக்கு அது ஆகாது. மூணாவது மாடி மொட்டைமாடியில ஏறி எடுங்க.